எந்தக் கிருமி என்று முதலில் கேட்போம்

மந்திர் மார்க்கில் டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. வயல்வெளிப் புகையும் நகரத்தின் சொந்தப் புகையும் கலந்து தரையோடு படியும் நவம்பர் நாட்களில், அங்கே குறியீட்டு எண் நானூற்றை நெருங்குவது இப்போது யாருக்கும் செய்தியாகத் தெரிவதில்லை. அதே வாரங்களில்தான் பிர்லா மந்திரைச் சுற்றியுள்ள அரசுக் குடியிருப்புகளிலும், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியின் வாசலிலும் இருமல் தொடங்குகிறது. தொண்டை கரகரக்கும், சளி கட்டும், இரவில் தூக்கம் போகும். மறுநாள் மருந்துக்கடையில், "பையா, அஜித்ரோ ஐநூறு ஒரு அட்டை." சீட்டு கேட்பவரும் இல்லை, நீட்டுபவரும் இல்லை. மூன்று நாளில் இருமல் சற்றுத் தணியும். அஜித்ரோமைசின் கேட்டது என்று வீட்டில் முடிவாகிவிடும். காற்றின் திசை மாறியதாலோ, சாதாரணச் சளிக்கு ஆயுள் அவ்வளவுதான் என்பதாலோ அது தணிந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

புகையால் வந்த இருமலில் அந்த மாத்திரை தாக்குவதற்குப் பாக்டீரியா இல்லை. வைரஸால் வந்த சளியிலும் இல்லை. ஆனால் விழுங்கியவரின் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன, தோலிலும் மூக்கிலும் இருக்கின்றன. மாத்திரை அவற்றின் மேல் வேலை செய்கிறது. அதில் சாகாமல் தப்பியவை பெருகுகின்றன. நோயில்லாத இடத்தில் போட்ட மருந்து நோய்க்கிருமிகளுக்கு நாளை உதவப்போகும் எதிர்ப்பை இன்றே வளர்த்துவிடுகிறது. இந்தியத் தனியார் மருந்து விற்பனையை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2019இல் நாட்டில் மிக அதிகமாகச் செலவான நுண்ணுயிர்க்கொல்லி அஜித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைதான். அடுத்தது செஃபிக்சைம் 200.

மருந்து எதிர்ப்பு என்றதும் நோயாளியின் மேல் பழியைப் போடுவது வழக்கம்: பாதியில் நிறுத்தினார், தானே வாங்கிப் போட்டுக்கொண்டார், படிப்பறிவில்லை. இதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் டெல்லியில் கடந்த இருபது ஆண்டுகளில் தெரியவந்த விஷயங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. எந்தக் கிருமி என்று பார்க்காமலே எந்த மருந்து என்று முடிவு செய்யும் ஏற்பாடும், கழிவு கலக்கும் நீரும், மருத்துவமனையின் கழுவப்படாத கைகளும்தான் பெரிய குற்றவாளிகள். இவற்றில் எதுவும் தனி நோயாளியின் கையில் இல்லை.

இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பது புரிந்தால் மற்றவை எல்லாம் எளிதில் புரியும். கிருமியிடம் உள்ள, நம்மிடம் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்துத் தாக்குவதே இவற்றின் அடிப்படை. பாக்டீரியாவைச் சுற்றி ஓர் உறுதியான சுவர் உண்டு. நம் செல்களுக்கு அது கிடையாது. சுவர் கட்டும் கொத்தனாரின் கையில் செங்கல்போலவே இருக்கும் போலிக் கல்லைத் திணித்தால் கை அதோடு ஒட்டிக்கொண்டு வேலை நின்றுபோகும் அல்லவா, பெனிசிலின் அப்படித்தான் செய்கிறது. சுவரின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதி பெனிசிலினைத் தன் மூலப்பொருள் என்று நம்பிப் பற்றிக்கொள்கிறது, பிறகு விடுபட முடிவதில்லை. வளரும் பாக்டீரியா சுவரில் ஓட்டை விழுந்து வெடிக்கிறது. அமாக்சிசிலின், செஃபிக்சைம், செஃப்ட்ரையாக்சோன், தீவிர சிகிச்சைப் பிரிவில் கொடுக்கும் மெரோபெனம் எல்லாம் இதே குடும்பம். நான்கு மூலைகொண்ட பீட்டா-லாக்டம் வளையம் இவை அனைத்துக்கும் பொது. அந்த வளையத்தின் பெயர் பின்னால் இன்னொரு முறை வரும்.

புரதம் தயாரிக்கும் ரைபோசோம் நமக்கும் உண்டு, பாக்டீரியாவுக்கும் உண்டு. ஆனால் அமைப்பில் வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டைப் பயன்படுத்துபவை டாக்சிசைக்ளின், அஜித்ரோமைசின், ஜென்டாமைசின், லினசோலிட். டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948இல் வெளிவந்தபோது, அதைக் கண்டெடுத்த லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனவர். யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கும் டைஎத்தில்கார்பமசைனும் அவர் குழுவின் கொடைதான். அதே 1948இல் அவர் காலமானார். நம் பாடப்புத்தகங்கள் அவருக்கு இன்னும் அதிக இடம் தந்திருக்க வேண்டும்.

சல்ஃபா மருந்துகளின் வழி வேறு. ஃபோலிக் அமிலம் நமக்குக் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் கிடைக்கிறது, பாக்டீரியா அதைத் தானே தயாரித்தாக வேண்டும். அந்தத் தயாரிப்பைச் சல்ஃபா தடுக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை பாக்டீரியாவின் டிஎன்ஏ முறுக்கை அவிழ்க்கும் நொதியைப் பூட்டுகின்றன. ரிஃபாம்பிசின் மரபுச் செய்தியை நகலெடுக்கும் நொதியை நிறுத்துகிறது. கொலிஸ்டின் கிருமியின் மேற்சவ்வைக் கிழிக்கிறது. வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து நம் பொறிகளையே அது பயன்படுத்துவதால், மேலே சொன்ன எதற்கும் அது மசியாது. அதற்கான மருந்துகளும் மிகக் குறுகிய இலக்குகொண்டவை. அக்கியைத் தரும் வைரஸுக்கு அசைக்ளோவிர், ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர். ஒன்றின் மருந்து மற்றதற்குப் பயன்படாது.

பூஞ்சை இன்னும் சிக்கலானது, ஏனென்றால் உயிரின வரிசையில் அது பாக்டீரியாவைவிட நமக்கு நெருக்கம். நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையிடம் எர்கோஸ்டெரால் இருக்கிறது, சவ்வில் உள்ள முக்கிய வேறுபாடு அதுதான். ஆம்ஃபோடெரிசின் எர்கோஸ்டெராலைப் பிடித்தாலும் நம் சிறுநீரகத்தையும் காயப்படுத்துவது அதனால்தான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை பரவியபோது, டெல்லியில் நோயாளிகளின் குடும்பங்கள் அந்த ஊசிக் குப்பிக்காக ஊர் முழுக்க அலைந்தன. பூஞ்சை மருந்துகளின் பட்டியல் எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லப்பாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் அனுராதா சௌத்ரியின் குழு 2013இல் கேண்டிடா ஆரிஸ் பற்றி வெளியிட்ட ஆய்வையும் இங்கே நினைக்க வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஜப்பானில் முதலில் அடையாளம் காணப்பட்ட அந்தப் பூஞ்சை, டெல்லியின் இரண்டு மருத்துவமனைகளில் ரத்தத் தொற்றாக வந்திருந்தது. ஃப்ளூகோனசோலுக்கு அது கட்டுப்படவில்லை.

ஒட்டுண்ணிகளுக்கும் இதே கதைதான். காலா-அசாருக்குக் கொல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களில் உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. அதே ஆன்டிமனி வகையைச் சேர்ந்த பிற்கால மருந்து 1990களில் வடக்குப் பீகாரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்காமல் போனது.

மருந்து எங்கே தாக்குகிறது என்பது தெரிந்தால் பக்கவிளைவும் ஓரளவு விளங்கும். நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவின் ரைபோசோமை ஒத்தது. லினசோலிட்டை மாதக்கணக்கில் போடும் காசநோயாளிக்குப் பாதம் மரத்துப்போவதற்கும் பார்வை மங்குவதற்கும் ரத்தச் செல்கள் குறைவதற்கும் காரணம் அதுவே. ஜென்டாமைசின், கனமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் உள்காதின் மெல்லிய செல்களைச் சாகடிக்கும். போன செவித்திறன் திரும்புவதில்லை. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு நீண்ட நாள் ஊசி போட்ட காலத்தில் உயிர் பிழைத்தும் காது கேளாமல் போனவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். ஊசி இல்லாத மாத்திரைச் சிகிச்சை வந்ததை நான் பெரும் முன்னேற்றமாகக் கருதுகிறேன். அதற்கு இவர்களின் அனுபவமே போதுமான காரணம்.

ஐசோனியாசிட் பி6 வைட்டமினை வற்றச் செய்யும் என்பதால் கூடவே பைரிடாக்சின் மாத்திரை தருகிறார்கள். ஐசோனியாசிட் கல்லீரலையும் பாதிக்கலாம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சளாகும். அதில் பயம் இல்லை, ஆனால் முன்பே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். கருத்தடை மாத்திரையின் பலத்தை அது குறைத்துவிடும் என்பதைப் பெண்களிடம் சொல்லும் மருத்துவர்கள் போதாது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டெட்ராசைக்ளின் பல்லில் நிரந்தரக் கறை ஏற்றும். சிப்ரோ வகை குதிகால் தசைநாரை வலிக்கச் செய்யும், சில சமயம் அறுக்கும். பெனிசிலின் ஒவ்வாமை அரிதென்றாலும் நிமிடங்களில் உயிரை வாங்கக்கூடியது. இந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படாதது குடல் சேதம்: நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தை க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பிடித்துக்கொண்டால் கடும் வயிற்றுப்போக்கு வரும், முதியவர்களுக்கு அது உயிராபத்து.

இனி எதிர்ப்பு. பாக்டீரியா தப்பிக்கும் வழிகள் நான்கைந்துதான்: மருந்தை உடைக்கும் நொதியைச் சுரப்பது, உள்ளே வந்ததைப் பம்பு போல் வெளியே தள்ளுவது, நுழைவாயிலைக் குறுக்குவது, மருந்து பிடிக்கும் இடத்தின் உருவையே மாற்றுவது. இவற்றில் சில தற்செயல் மரபு மாற்றத்தால் வரும். ஆனால் ஆபத்தானது வேறு. எதிர்ப்புக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏறிக்கொண்டு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். இனம் வேறாக இருந்தாலும் போகும். ஒரே வளையத்தில் ஏழெட்டு மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒன்றாகச் சவாரி செய்வதும் உண்டு.

இந்தக் கதையின் டெல்லி அத்தியாயம் ஸ்வீடனில் தொடங்கியது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஸ்வீடன் குடிமகன் ஒருவர் டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு 2008 ஜனவரியில் ஊர் திரும்பினார். அங்கே அவர் சிறுநீரில் கிடைத்த க்ளெப்சியெல்லா நிமோனியே, மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளுக்கே மசியவில்லை. ஆராய்ந்தபோது, துத்தநாக அயனிகளின் உதவியோடு பீட்டா-லாக்டம் வளையத்தை உடைக்கும் புதிய நொதி ஒன்று கிடைத்தது. 2009இல் அதற்கு 'நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்' என்று பெயரிட்டார்கள். என்டிஎம்-1 என்று உலகம் அறிந்தது அதைத்தான். பெனிசிலின் முதல் மெரோபெனம் வரை அந்தக் குடும்பம் முழுவதையும் அது செயலிழக்கச் செய்யும். அதற்கு அசையாமல் நிற்பது அஸ்ட்ரியோனம் மட்டும், ஆனால் அதை உடைக்கும் வேறு நொதிகள் பெரும்பாலும் அதே கிருமியில் கூடவே இருக்கும்.

2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா-பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று இந்த நொதி கொண்ட கிருமிகளை அந்தக் குழு எண்ணிக் காட்டியது. நாடாளுமன்றத்தில் சத்தம், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்ற குற்றச்சாட்டு, ஊர்ப் பெயரை நொதிக்கு வைக்கலாமா என்ற கேள்வி எல்லாம் எழுந்தன. பெயரைப் பற்றிய மனக்குறை நியாயமானது. லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் அது தவறு என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்த மாதங்களில் நம் ஆற்றல் பெயரோடு சண்டை போடுவதிலேயே செலவானது. கிருமி எங்கே வளர்கிறது என்று கேட்க வேண்டிய நேரம் அது.

அதைக் கேட்டவர்கள் கார்டிஃபில் இருந்த டிமோதி வால்ஷின் குழுவினர். 2010 செப்டம்பர்-அக்டோபரில் டெல்லித் தெருக்களில் தேங்கியும் வழிந்தோடியும் கிடந்த நீரில் 171 மாதிரிகள், பொதுக் குழாய்களில் 50 மாதிரிகள் எடுத்தார்கள். தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும் குழாய் நீரில் இரண்டிலும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லாவிலும் காலரா கிருமியிலும்கூட அது ஏறியிருந்தது. பிளாஸ்மிட் கைமாறுவது 25 டிகிரியையும் 37 டிகிரியையும்விட 30 டிகிரியில் அதிகமாக நடந்தது என்பது அந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்திய வரி. ஆண்டில் பல மாதங்கள் டெல்லியின் தெரு நீர் அந்த வெப்பத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஒருவர் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் தொடாமல் இருக்கலாம். அவர் குடிக்கும் நீர் வழியே எதிர்ப்புக் கிருமி அவர் குடலுக்கு வந்துவிடும். நோயாளியின் ஒழுக்கத்தைப் பற்றிய உபதேசம் இங்கே என்ன செய்யும்?

பச்சைக் குழந்தைகளின் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. எய்ம்ஸ், சஃப்தர்ஜங், மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்று இடங்களிலும் 2011 ஜூலை முதல் 2014 பிப்ரவரி வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 சிசுக்களைப் பின்தொடர்ந்து 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. 14.3 சதவீதத்தினருக்கு ரத்தநச்சு. அதில் மூன்றில் இரண்டு பங்கு பிறந்த மூன்று நாட்களுக்குள் வந்தது. கிடைத்த கிருமிகளில் முதலிடம் அசினெட்டோபாக்டருக்கு, 22 சதவீதம். அதில் 82 சதவீதம் பல மருந்து எதிர்ப்பு கொண்டது. ஏறத்தாழ நான்கில் ஒரு மரணத்துக்கு ரத்தநச்சே காரணம். அசினெட்டோபாக்டர் தாயின் உடலில் வழக்கமாக வாழும் கிருமி அல்ல. பிரசவ அறையின் மேசையிலும், உறிஞ்சுகுழாயிலும், செவிலியரின் கையிலும் வாழ்வது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தை எந்த மருந்தையும் பாதியில் நிறுத்தியிருக்க முடியாது. ஒரே செவிலியர் எத்தனை தொட்டில்களைப் பார்க்கிறார், ஒவ்வொரு தொட்டிலுக்கும் இடையில் கை கழுவ அவருக்கு நேரமும் குழாயும் இருக்கிறதா என்பதுதான் அங்கே எதிர்ப்பைத் தீர்மானிக்கிறது.

ஒழுங்காகச் செய்தால் மருந்தின் ஆயுளை நீட்ட முடியும் என்பதற்குச் சென்னை சேத்துப்பட்டு சாட்சி. 1948இல் முடிவு வெளியான பிரிட்டன் சோதனையில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் காசநோய்க்குக் கொடுத்தபோது முதலில் அற்புதமாகக் கேட்டது, பிறகு பெரும்பாலோரில் எதிர்ப்பு முளைத்தது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றதில் சாகும் என்ற பாடம் அதிலிருந்து பிறந்தது. ஆனால் மாதக்கணக்கில் பல மருந்துகளை ஏழைகளுக்கு எப்படிக் கொடுப்பது? 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதற்குப் பொறுப்பு. ஒரு பகுதி நோயாளிகளை மதனப்பள்ளி சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறு பகுதியினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்து ஐசோனியாசிட்டும் பாஸ் என்ற மருந்தும் சாப்பிட்டார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, காற்று, ஓய்வு. வீட்டில் அரைவயிறு, வேலை. 1959இல் முடிவு வந்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. மருந்து விழுங்குவதை ஒருவர் நேரில் பார்த்து உறுதி செய்யும் முறையும் அங்கேதான் பக்குவப்பட்டது. நோயாளியைத் திட்டாமல், மருந்தை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோன ஆய்வு அது.

அந்த மனநிலை எப்போதும் நிலைக்கவில்லை. எதிர்ப்புக் காசநோய்க்கான பெடாக்விலின் 2016இல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் ஒருசில மையங்களில் மட்டுமே கிடைத்தது. பாட்னாவைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, டெல்லியில் குடியிருப்பவர் அல்ல என்ற காரணம் காட்டி அது மறுக்கப்பட்டதாகச் சொல்லி அவர் தந்தை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் வழக்கு அவருக்கு மருந்து கிடைக்கும்படி முடிந்தது. மருந்தைப் பாதுகாப்பதும் மருந்தை மறுப்பதும் ஒன்றல்ல. இந்தியாவில் எதிர்ப்புக் கிருமியால் சாகும் மக்களைப் போலவே, சாதாரண ஆன்டிபயாடிக் கூட நேரத்தில் கிடைக்காமல் சாகும் மக்களும் இருக்கிறார்கள்.

'கோர்ஸை முடி' என்ற அறிவுரையும் இன்று மறுபார்வைக்கு வந்திருக்கிறது. காசநோய்க்கு அது மாறாத விதி. மருத்துவர் சொன்ன கடைசி நாள்வரை போட்டே ஆக வேண்டும். ஆனால் எல்லாத் தொற்றுக்கும் நீண்ட கோர்ஸ் நல்லது என்பது நிரூபணமானதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, தோல் தொற்றுக்கும் சமூகத்தில் தொற்றிய நிமோனியாவுக்கும் ஐந்து நாள், மருத்துவமனையில் தொற்றிய நிமோனியாவுக்கு எட்டு நாள் போதும் என்கிறது. லேசான காய்ச்சலுக்கும் வைரஸ் மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றும் சொல்கிறது. எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவதே சரி. நாமாக நீட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

எந்தக் கிருமி என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? சிறுநீர்த் தொற்றை எடுத்துக்கொள்வோம். முதல் மாத்திரைக்கு முன்பே, சுத்தமான குப்பியில், நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். மறுநாள் ஊடகத் தட்டில் கிருமிகள் புள்ளிபுள்ளியாகக் கூட்டம் கட்டியிருக்கும். அதில் ஒன்றை எடுத்து வெளிர்மஞ்சள் நிற முல்லர்-ஹின்டன் தட்டின் மேல் சீராகப் பூசி, மருந்தில் தோய்த்த சிறு காகித வட்டுகளை இடைவெளி விட்டு வைக்கிறார்கள். இரவு முழுக்க 35 டிகிரியில் இருந்த பிறகு பார்த்தால், மருந்து கேட்கும் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் இருக்கும். கேட்காத வட்டின் விளிம்புவரை சாம்பல் நிறப் படலம் வந்து முட்டியிருக்கும். நுட்பநர் அளவுகோலை வைத்து வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு எழுதுவார். மொத்தத்தில் இரண்டு மூன்று நாள் வேலை. நைட்ரோஃபியூரன்டாயின் என்ற பழைய, மலிவான மருந்தே போதும் என்று பல சமயம் அந்தத் தட்டு சொல்லிவிடும். மாதிரி கொடுக்காமல் செஃபிக்சைமில் தொடங்கி, கேட்காமல் ஊசிக்கு மாறி, கடைசியில் கல்ச்சர் எடுக்கும்போது பாதி செத்த கிருமி பல சமயம் தட்டில் வளராது. ராம் மனோகர் லோகியா போன்ற பெரிய அரசு மருத்துவமனை நடக்கும் தூரத்தில் இருக்கும் மந்திர் மார்க் வாசிக்கு இந்தச் சோதனை எட்டும். டெல்லியின் விளிம்புக் குடியிருப்பில் இருப்பவருக்கும் ராமநாதபுரத்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கும் எட்டுமா என்பதே என் கவலை. ரத்தநச்சு, மூளைக்காய்ச்சல் போன்றவற்றில் முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. மாதிரியை எடுத்துக்கொண்டு உடனே மருந்தைத் தொடங்கி, முடிவு வந்ததும் குறுகிய இலக்குகொண்ட மருந்துக்கு மாற வேண்டும். இந்தக் கடைசிப் படி பெரும்பாலும் நடப்பதில்லை.

சட்டங்கள் வந்திருக்கின்றன. 2012 ஆகஸ்டில் அப்துல் கஃபூர் முன்னின்று நடத்திய கூட்டத்தில் மருத்துவச் சங்கங்கள் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. முழுத் தடை கேட்காமல், நடக்கக்கூடியதைப் படிப்படியாகக் கேட்டது அதன் பலம். 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை அமலுக்கு வந்தது. 46 மருந்துகளுக்குச் சீட்டு கட்டாயம், வாங்கியவர் பெயரும் எழுதிய மருத்துவர் பெயரும் பதிவேட்டில் மூன்றாண்டு இருக்க வேண்டும். அதிகம் விற்கும் அஜித்ரோமைசின் அப்போது அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை! 2016இல் அட்டையின் இடப்புறம் செங்குத்தான சிவப்புக் கோட்டைப் பார்க்கச் சொல்லும் பிரசாரம். 2017இல் தேசியச் செயல்திட்டம், 2018இல் கேரளத்தின் சொந்தத் திட்டம், 2020இல் டெல்லியின் திட்டம். 2024 ஜனவரியில் ஆன்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டில் எழுதுங்கள் என்று மத்தியச் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் கேட்டுக்கொண்டது. இவற்றில் என்னைக் கவர்ந்தது இந்தக் கடைசி வேண்டுகோள்தான். காரணத்தை எழுத வேண்டியிருந்தால் காரணம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

சீட்டுக்கு வெளியேயும் ஆன்டிபயாடிக் பாய்கிறது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் மருந்து மிச்சம் இருந்தது. மனிதனுக்குக் கடைசி ஆயுதமான கொலிஸ்டினைக் கோழிக்குக் கொடுப்பதை அரசு 2019 ஜூலையில் தடை செய்தது, நல்ல முடிவு. ஆனால் ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில், மருந்தாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். மருந்து சாப்பிடும் மனிதனின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. 2020 ஜனவரியில் கழிவில் ஆன்டிபயாடிக் மிச்சத்துக்கு வரம்பு விதிக்கும் வரைவு வந்தது. 2021இல் வெளியான இறுதி விதியில் அந்த வரம்புகளைக் காணோம். பள்ளி வாசலில் நிற்கும் தாய்க்குச் சொல்லும் அறிவுரையின் கண்டிப்பை ஆலைக்கும் காட்டியிருக்க வேண்டும்.

புதிய மருந்துகள் வராமலில்லை. சென்னையின் ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபிபைமோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. அது பெருமைக்குரியது. ஆனாலும் என்டிஎம் நொதியை அது தடுக்காது. அதற்கு அஸ்ட்ரியோனமும் அவிபாக்டமும் சேர்ந்த கூட்டு ஒரு முக்கிய வழி. அதன் விலையை ஒரு சாதாரணக் குடும்பம் தாங்காது.

ஆகவே தொற்றே வராமல் தடுப்பதைப் பற்றிப் பேசியாக வேண்டும், அதற்கு டைஃபாய்டு நல்ல எடுத்துக்காட்டு. 1972இல் கோழிக்கோட்டில் குளோராம்ஃபெனிகாலுக்கு மசியாத டைஃபாய்டு பரவியது. பிறகு சிப்ரோ வந்தது, அதுவும் தேய்ந்தது. இன்று செஃப்ட்ரையாக்சோனும் அஜித்ரோமைசினும் நிற்கின்றன. 2016இல் பாகிஸ்தானின் சிந்துவில் செஃப்ட்ரையாக்சோனும் கேட்காத வகை கிளம்பியது. டெல்லி கால்காஜியில் 1990களின் நடுவில் வீடுவீடாகப் போய்ப் பார்த்தவர்கள், பள்ளி வயதுக் குழந்தைகளின் நோய் என்று நம்பப்பட்ட டைஃபாய்டு ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம்தான் மிக அதிகம் என்று கண்டார்கள்: ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 27 பேர். டெல்லி அரசு 2004 முதல் தன் தடுப்பூசித் திட்டத்தில் டைஃபாய்டு ஊசியைச் சேர்த்தது. அந்தப் பழைய ஊசி இரண்டு வயதுக்குக் கீழே பலிக்காது. ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் உருவாக்கிய இணைப்புத் தடுப்பூசியை ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். நவி மும்பை மாநகராட்சி 2018இல் அதை ஒன்பது மாதம் முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசமாகப் போடத் தொடங்கியது. அந்த ஊசியும் கழிவு கலக்காத குழாய் நீரும் சேர்ந்து கிடைத்த குழந்தைக்கு டைஃபாய்டு வருவதே அரிது. சிப்ரோவுக்கு மசியாத கிருமியாக இருந்தாலும் அந்த ஊசி அதைத் தடுக்கும்.